பொத்தான் வைத்த அருகம்புல்

பினாங்கு விமான நிலையத்தில் என் அருகம்புல்லைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார்கள். ஈரத்துணியில் சுற்றி, அதற்கு மேல் வாழையிலை சுற்றி, வேட்டிகளுக்கு நடுவில் கைக்குழந்தையைப் போலப் படுக்கவைத்துக் கொண்டுவந்த கட்டு அது. பெட்டியைத் திறந்த அதிகாரி, தலையில் முக்காடு போட்ட இளம்பெண், கட்டைத் தூக்கிப் பார்த்து ஏதோ கேட்டாள். "பிள்ளையாருக்கு" என்றேன். எனக்குப் பின்னால் நின்ற தமிழர் ஒருவர், "வெளியூரு செடி உள்ள வரக்கூடாதாம் அண்ணே. பூச்சி கீச்சி இருக்குமாம்" என்று மொழிபெயர்த்தார். "மூணு தண்ணியில அலசிக் கொண்டாந்திருக்கேன், பூச்சி எங்கேருந்து வரும்?" என்று கத்தினேன். கத்தி என்ன ஆகப்போகிறது? அவள் சட்டம் அவளுக்கு. சிரித்த முகம் மாறாமல் தொட்டியில் போட்டாள்.

நான் திருநெல்வேலி டவுனில் பூக்கடைக்காரன். அருகம்புல் மாலை கட்டிக் கட்டியே கட்டைவிரல் நகம் பச்சைபிடித்துப் போனவன். என் தாத்தாவின் தம்பி ரப்பர் மரம் சீவக் கப்பலேறி மலேசியா போனவர். அவருடைய பேரன் சேகரன், எனக்குத் தம்பி முறை. கெடா மாநிலத்தில், பாடாங் மேஹாவுக்கு உள்ளடங்கிய ஒரு தோட்டத்துப் பிள்ளையார் கோயிலுக்கு அவன்தான் செயலாளர். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்ததும் போன் போட்டுவிட்டான். "அண்ணே, ஊரு அருகம்புல்லுல ஒரு மாலை. அத மட்டும் நீங்க கொண்டாந்து கட்டிக் குடுத்துருங்க. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்லா."

அந்த 'லா'வில்தான் நான் மயங்கினேன். எங்கள் ஊரிலும் 'வந்தேம்லா, சொன்னேம்லா' உண்டு. ஊரை விட்டுப் போனவர்கள் எதை விட்டாலும் நம்ம 'லா'வை விடவில்லை பார் என்று நெஞ்சு நிறைந்து போனது. வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே மலாய்க்காரர்கள், சீனர்கள் எல்லாருமே 'லா' போடுகிறார்கள். நாட்டுக்கே பொதுவான 'லா' அது. இருந்துவிட்டுப் போகட்டும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை, "பசியாறலாம் வாங்க" என்று ஒரு கடைக்குக் கூட்டிப்போனான். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே இந்தப் பேர்தான். பசியாறுவது! நாம் ஊரில் இந்த அழகான சொல்லைத் தொலைத்துவிட்டு 'டிபன்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். ரொட்டி சானாய் வந்தது. நம் பரோட்டாவின் பெரியம்மா மகன்தான். ஆனால் அது மொறுமொறுவென்று விறைத்துக்கொண்டு இருக்கும், இது துணி போல மடிந்து கிடக்கிறது. பரிமாற வந்த பெண், "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "காலங்காத்தால தண்ணியா? அந்தப் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாதும்மா" என்றேன். கடையே சிரித்தது. தண்ணி என்றால் இவர்களுக்கு டீ, காப்பி, எதுவானாலும் தண்ணிதான் என்று சேகரன் விளக்குவதற்குள் அவனுக்குப் புரையேறிவிட்டது.

பறிபோன அருகுக்குப் பதில் தேடி கோலா கெத்திலுக்குப் புறப்பட்டோம். அங்கே ஒரு பூக்கடையில் சொல்லிவைத்தால் கிடைக்குமாம். வழியெல்லாம் செம்பனை, செம்பனை, மறுபடியும் செம்பனை. பழக்குலை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்து போக, அதன் பின்னாலேயே உறுமி உறுமிச் சேகரனின் பழைய காடி கொதித்து நின்றுவிட்டது. காரை இவர்கள் காடி என்றுதான் சொல்கிறார்கள். அவன் மூடியைத் திறந்து ஆவியோடு மல்லுக்கட்ட, நான் இறங்கிச் சாலையைத் தாண்டினேன். எதிரே ஒரு பள்ளிக்கூட மைதானம். கொளுத்துகிற வெயிலில் தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது, கணுவுக்குக் கணு வேர் விட்டு, சாட்சாத் அருகம்புல்.

வேட்டியை மடித்துக் கட்டி மண்டியிட்டுவிட்டேன். கொத்துக் கொத்தாக நுனி கிள்ளிக்கொண்டிருக்கும்போது பள்ளிக் காவலாளி, வயதான மலாய்க்காரர், விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார். சேகரன் பின்னால் ஓடிவந்து, சாமிக்கு என்று மலாயில் சொன்னான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். "எல்லாத்தையும் புடுங்கிக்கச் சொல்றாரு அண்ணே. புல்லு வெட்டுற வேலை மிச்சமாம்" என்றான் சேகரன். கடல் கடந்து கொண்டுவந்ததைக் குப்பையில் போட்ட ஊரிலேயே, மிதித்துப் பந்து விளையாடும் இடத்தில் அது கிடைத்தது என்பதில் எனக்கு ஏக சந்தோஷம். பை நிறைய அள்ளிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போகச் சொன்னேன்.

கோயிலில் நாலைந்து பெண்கள் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் குரலெடுத்துப் பேசிக்கொண்டிருந்தவர் பாக்கியம் அக்கா. தோட்டத்தில் மருந்து அடித்து, அதாவது முதுகில் தொட்டியைச் சுமந்து களைக்கொல்லி தெளித்து, அந்த வேலையிலேயே கிழடு தட்டியவர். இப்போது கோயிலுக்குப் பூவும் புல்லும் அவர் பொறுப்பு. நான் பையைக் கவிழ்த்து, "இந்தாங்க, அருகம்புல்" என்றேன். அக்கா ஒன்றை எடுத்துப் பார்த்தார். மற்றவர்களைப் பார்த்தார். அவ்வளவுதான், பிடித்தது சிரிப்பு.

"அண்ணே, இது பந்து வெளையாடுற பாடாங் புல்லுலா! இதையா சாமிக்குப் போடுவாங்க?" பாடாங் என்றால் மைதானம்.

"என்னம்மா சொல்லுதீங்க? முப்பது வருசமா இதத்தானே கட்டி விக்கேன்!"

"நீங்க விக்கிறத நான் என்னா சொல்ல முடியும்? எங்க அருகம்புல்லு இந்தா இருக்கு." தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து நீட்டினார். சாண் உயரம். மெலிந்த இலைகள். ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெள்ளை உருண்டை ஒன்று. அதற்குக் கீழே மூன்று இலைகள் விரிந்து தொங்கின. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நான் ஒரு தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டினேன். உருளவில்லை, தட்டித் தட்டிப் புரண்டது. மூன்று பட்டை. சந்தேகமே இல்லை.

"இது கோரை!" என்றேன். இந்த இடத்தில் என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைவீதியில் கூவி விற்ற குரல். மெதுவாகப் பேச அதற்குத் தெரியாது. "அருகம்புல்லுத் தண்டு உருண்டையா இருக்கும். பட்டை பட்டையா இருந்தா அது கோரை ஜாதி. இத்தனை வருசமா பிள்ளையாருக்குக் கோரையவா போட்டீங்க?" கோயில் முழுக்கக் கேட்டது. பெண்களின் சிரிப்பு நின்றுபோனது. பாக்கியம் அக்கா என் கையிலிருந்த புல்லைத் திரும்ப வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, மாவிலையை எடுத்துக்கொண்டார். சேகரனின் முகத்தில் மட்டும் விளக்கு எரிந்தது.

ஏன் எரிந்தது என்பது சாயங்காலம் அவன் வீட்டில் தெரிந்தது. அவன் மனைவி நெத்திலிச் சம்பலும் தேங்காய்ப்பால் சோறும் வைத்திருந்தாள். நான் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "ரொம்ப நன்றி அண்ணே" என்றான் சேகரன். எதற்கு என்றேன். "கோயிலுக்குப் பின்னால ஈரமா ஒரு எடம் கெடக்குலா, அந்தப் புல்லு மொளைக்கிற எடம். அதுல கல்லு கொட்டி மூடி, காடி நிப்பாட்ட எடம் பண்ணலாம்னு நானும் நாயா அலையறேன். பாக்கியம் அக்கா விடவே மாட்டேங்குது. பிள்ளையாரு புல்லுல கை வச்சா வெளங்க மாட்டேன்னு சாபம் வுடுது. கமிட்டியில எல்லாருக்கும் பயம். இப்ப ஊருலேருந்து வந்த ஆளே அது அருகம்புல்லு இல்லன்னு சொல்லியாச்சு. நாளைக்கே லோரி வரச் சொல்லிட்டேன்."

சம்பல் இறங்கவில்லை. "நான் பேரைத்தானேடா சொன்னேன், அழிக்கச் சொன்னேனா?" என்றேன். "அருகம்புல்லு இல்லன்னா அது வெறும் களைதானே அண்ணே" என்றான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. கும்பாபிஷேகத்துக்கு வருகிறவர்கள் காடியை எங்கே நிறுத்துவார்கள்? சடக்கில் நிறுத்தினால் செம்பனை லாரி இடித்துவிட்டுப் போகும். சடக்கு என்றால் சாலை. அவன் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்துக்கு என் வாயையா கடன் வாங்க வேண்டும்? வந்ததே வந்தேன், வாயை மூடிக்கொண்டு மாலை கட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா நான்?

விடிந்ததும் சேகரன் குருக்களை அழைத்துவரக் கிளம்பிவிட்டான். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சடக்கில் போய் நின்று கையை ஆட்டினேன். மோட்டார் சைக்கிளில் வந்த வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர் நிறுத்தினார். எனக்கு அவர் பேச்சு தெரியாது, அவருக்கு என் பேச்சு தெரியாது. கையால் தும்பிக்கை செய்து காட்டினேன். "ஓ, ஓ" என்று தலையாட்டி ஏற்றிக்கொண்டார். தோட்டத்து மண்பாதையில் திரும்பியதும் முன்சக்கரம் சேற்றில் அமிழ்ந்து இருவரும் பக்கவாட்டில் சாய்ந்தோம். அடி ஒன்றும் இல்லை, வேட்டிதான் செம்மண்ணாகிவிட்டது. வண்டியைத் தூக்கி நிறுத்திக் கொடுத்துவிட்டு மிச்சத் தூரம் நடந்தேன்.

பாக்கியம் அக்கா கோயிலுக்குப் பின்னால்தான் இருந்தார். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். "வாங்க, புல்லு டாக்டரே" என்றார். "இன்னிக்கு எந்தச் செடிக்குப் பேரு வைக்கப் போறீங்க?" எனக்கு அது வேண்டும்தான். சுற்றிப் பார்த்தேன்.

மேட்டிலிருந்து செம்பனைத் தோட்டம் இறங்கிவந்து முடியும் இடம் அது. மேட்டின் அடியில் ஊற்றுப்போல நீர் கசிகிறது. ஓடுவதும் இல்லை, தேங்குவதும் இல்லை. மண் எப்போதும் நைந்து ஈரமாக இருக்கிறது. மேலே பழைய ரப்பர் மரங்கள் சில வெட்டப்படாமல் நின்று வெயிலைச் சலித்துவிடுகின்றன. அந்த அரை நிழலில், ஒரு வீட்டு முற்றம் அளவு இடத்தில், வெள்ளைப் பொத்தான்கள் நெருக்கியடித்து நின்றன. அதைத் தாண்டித் தரையில் எங்கும் பச்சை இல்லை. மருந்தடித்துக் கருகிய பழுப்பு நிறம்தான் செம்பனைக்குள் தூரம் வரை போனது. குனிந்து ஒன்றை வேரோடு எடுத்துக் கிள்ளி முகர்ந்தேன். மெல்லிய வாசம். நாற்பது பூவின் வாசம் தெரிந்த மூக்கு எனக்கு. இது எந்தக் கணக்கிலும் சேராத வாசம்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அருகுக்கு வெயில் வேண்டும். அந்தக் காலத்தில் இந்த இடமெல்லாம் கித்தாக் காடு, ரப்பர் மரம் அடைத்த இருட்டு. அதில் அருகு எப்படி முளைக்கும்? பிள்ளையாரைப் பிடித்து வைத்தவர்கள் புல்லைத் தேடியிருப்பார்கள். நிழலில் நின்றது இது ஒன்றுதான். அதற்கே அந்தப் பேரை வைத்துவிட்டார்கள். என் சின்னத் தாத்தாவும் அவர்களில் ஒருவராக இருந்திருப்பார். அக்காவிடம் சொன்னேன். "இருக்கும்" என்றார். "எனக்கு எங்க மாமியா காட்டுனது. அருகம்புல்லுன்னாங்க, அருகம்புல்லு."

பிறகு அவராகவே பேசினார். "எத்தன ஏக்கரா மருந்து அடிச்சிருக்கேன் தெரியுமா? இந்தக் கையால நான் சாவடிக்காத புல்லு இல்ல. இங்க வந்ததும் மட்டும் குழாய மூடிருவேன். ஒரு தண்டல் கண்டுபுடிச்சிட்டான். அடிக்கலன்னா வேற எடத்துக்குத் தூக்கிருவேன்னான். தூக்குடான்னேன். தூக்கிட்டான், கோலா கெத்தில் பக்கம். விடியக்கருக்கல்ல லோரி ஏறிப் போயி வேலை செஞ்சேன். ஆனா இங்க மருந்து விழல." தண்டல் என்றால் வேலை வாங்குகிற மேலாள். "எனக்கு வேற என்னா இருக்கு? காடு வித்தாச்சு, நாங்க வரிசையா குடியிருந்த லயத்து வீடு இடிச்சாச்சு. இந்த ஈரம்தான் இருக்கு."

அப்போது லாரிச் சத்தம் கேட்டது. சரளைக்கல் குவித்த லாரி. அதன் பின்னால் சேகரனின் காடி, அதில் முன்னிருக்கையில் குருக்கள். லாரி பின்பக்கமாகத் திரும்பி, பீப் பீப் என்று கத்திக்கொண்டே எங்களை நோக்கி வந்தது. பாக்கியம் அக்கா எழுந்து புல்லுக்கு நடுவில் போய் நின்றார். பூட்ஸ் கணுக்கால் வரை அமிழ்ந்தது.

"அக்கா, தள்ளுங்க" என்றான் சேகரன்.

"மாட்டேன்."

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. இது கோரையா இல்லையா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாவிலை கட்டிய பெண்களும் வந்துவிட்டார்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை. முப்பது வருசத் தொழில். புல்லை மாற்றிச் சொன்னால் என் கடை வாசலை நானே மிதிக்க முடியாது. "கோரைதான்" என்றேன். "ஆனா சேகரா..."

"அவ்ளோதான். பேரே தப்பு. தள்ளுங்க அக்கா!"

"பேரு தப்பா?" அக்காவின் குரல் என் குரலைவிடப் பெரிதாக எழுந்தது. "ஏன்டா, உன் ஐசிய எடு. எடுலா! உங்கப்பன் பேரு என்னான்னு எழுதிருக்கு?"

சேகரன் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டான். ஐசி என்பது இந்நாட்டு அடையாள அட்டை. "நான் சொல்றேன்" என்றார் அக்கா. "முத்தையாவ முத்தாயின்னு எழுதி வச்சிருக்கான் தோட்டத்து ஆபீஸுல கணக்கெழுதுற கிராணி. உனக்கு அப்பனே பொம்பள! என் ஐசியப் பாத்திருக்கியா? பாக்கியம்னு இல்ல, பக்கிரியம்னு கெடக்கு. ஆஸ்பத்திரியில மலாய்க்காரி நர்ஸு என்ன 'புவான் பக்கிரியம்'னுதான் கூப்புடுது. நானும் எந்திரிச்சுப் போறேன். இங்க எவன் பேருடா சரியா இருக்கு? பேரு தப்பா இருந்தா பேர மாத்து. ஆளு மேல ஏன்டா கல்லக் கொட்டுற? கொட்டுலா, பாப்போம்!"

மாவிலைப் பெண் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி சிரிக்கவில்லை, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கி அக்காவின் பக்கத்தில் நின்றாள். நானும் இறங்கினேன். ஏற்கனவே செம்மண்ணான வேட்டிக்கு இன்னும் என்ன ஆகிவிடப் போகிறது? "கோரைதான்டா!" என்று கத்தினேன். "கோரைன்னுதான் சொல்லுதேன். கோரைக்கும் பிள்ளையாருக்கும் நடுவுல நீ யாரு, நான் யாரு?"

லாரி ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "மானா?" என்று கேட்டார். எங்கே கொட்டட்டும் என்று அர்த்தம். சேகரன் எங்களைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான். அவன் காதுமடல் சிவந்திருந்தது. பிறகு கையை நீட்டி, சடக்கோரத்துக் கட்டாந்தரையைக் காட்டினான். லாரி முன்னோக்கி நகர்ந்தது. ஐந்தாறு காடி நிற்கலாம் அங்கே; மிச்சப் பேர் நடந்து வரட்டும். கால் எதற்கு இருக்கிறது?

கும்பாபிஷேகத்தன்று பொழுது புலரும் முன்பே உட்கார்ந்து மாலையைக் கட்டினேன். பள்ளிக்கூட மைதானத்து அருகு ஈரத்துணியில் வாடாமல் இருந்தது, அதைத் தொடவில்லை. அக்கா கிள்ளிக் கொடுக்கக் கொடுக்க, அவர் புல்லை மட்டுமே வைத்துக் கட்டினேன். அருகைப் போல இது வழுக்கவில்லை. மூன்று பட்டையும் நாரைக் கவ்விக்கொண்டது. வெள்ளைப் பொத்தான்கள் வரிசை பிடித்து நின்றன. சேகரன் வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான்.

குடமுழுக்கு முடிந்து அலங்காரத்துக்கு மாலையைக் கொடுத்தேன். குருக்கள் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்தவர், சின்ன வயசு. மாலையைத் தூக்கிப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "என்ன இது? ஏதோ கோரை மாதிரின்னா இருக்கு? அருகம்புல் எங்கே?"

பாக்கியம் அக்கா தூணோரம் நின்றுகொண்டிருந்தார். சேகரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இதுதான் சாமி அருகம்புல்" என்றேன், கடைவீதிக் குரலில், கோயில் முழுக்கக் கேட்கும்படி. "திருநெல்வேலிப் பூக்கடைக்காரன் சொல்லுதேன். போடுங்க."

குருக்கள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு மாலையை விரித்துப் பிள்ளையாரின் கழுத்தில் போட்டார்.